சங்குப்பூக் கொடியும் ஒரு பொல்லாத மவுசும்

ஜூலை 2

சாத்தூரில் பேருந்து ஏறி, சிவகாசியில் அக்கா வீட்டு வாசலில் வெற்றிகரமாக வந்து இறங்கினேன். வழியில் எதிர்ப்பட்ட வண்டிகளெல்லாம் என்னைக் கண்டு மரியாதையாக ஒதுங்கின. ஒதுங்காமல் என்ன செய்யும்? சாத்தூர் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக உட்கார்ந்து, ஒற்றை விசிலால் தென்மாவட்டங்களையே நகர்த்திக்கொண்டிருந்த ரத்தினவேல் அல்லவா நான்! நான் ஓய்வு பெற்ற மறுநாள் சூரியன் பத்து நிமிடம் தாமதமாகத்தான் உதித்தது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தது நான் என்பது வேறு விஷயம்.

வந்த காரணம்: ஆவணியில் அக்கா மகள் ஜெயதாரணிக்குக் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் பந்தக்கால் நிற்குமா? ஆகவே ஒன்றரை மாதம் முன்கூட்டியே வந்து முட்டுக்கொடுத்துவிட்டேன்.

வந்ததும் மச்சான் தனுஷ்கோடி இந்த டைரியைக் கொடுத்தார்.

"ஞாயித்துக்கெழமையெல்லாம் செவப்புல விழாம கறுப்புல விழுந்துருச்சுன்னு கட்டுக்கட்டா ஒதுக்கிட்டாங்க மாப்ள. ஒங்களுக்குத்தான் தெனமும் ஞாயித்துக்கெழமையாச்சே. வச்சு எழுதுங்க."

உலகத்துக்கே டைரி அச்சடிக்கும் ஊரில் எனக்குக் கிடைத்தது தள்ளுபடி டைரி. பரவாயில்லை. அட்டை மட்டும் கெட்டியான ரெக்சின். அதில் ஓர் ஊரையே குடிவைக்கலாம்.

மச்சானின் தொழில் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பது. அச்சகங்கள் அனுப்பும் வேலையை வீட்டுக் கணினியிலேயே முடித்துக் கொடுப்பார். விருதுநகர் மாவட்டத்தில் பாதிக் கல்யாணம் முதலில் இவருடைய கணினித் திரையில் நடந்து, அப்புறம்தான் மண்டபத்தில் நடக்கும். இப்போது சொந்த மகள் பத்திரிகை. மயிலும் வாழைமரமும் போட்ட ரெடிமேட் பார்டர் எதுவும் வேண்டாமாம். வீட்டு கேட்டில் படர்ந்திருக்கும் சங்குப்பூக் கொடியைப் பார்த்து, பத்திரிகையைச் சுற்றித் தானே கையால் வரையப்போகிறாராம். தாரணி சின்னப் பிள்ளையில் அந்தப் பூவைப் பறித்துத் தண்ணீரில் போட்டு நீலச்சாயம் விற்றவள். வாங்கிய ஒரே ஏமாளி நான்.

சாயங்காலம் அக்கா காபி கொண்டுவந்தாள். எனக்கு முழு டம்ளர். மச்சானுக்குப் பாதி.

"ஏன்க்கா, கட்டின புருஷனுக்குப் பாதி டம்ளர்தானா? ஊரு என்ன சொல்லும்?"

"அவருக்குச் சூடா குடிக்கணும்டா வேலு. அதான் பாதி பாதியா ரெண்டு தடவை ஊத்துறேன். நீ வாயை மூடிட்டுக் குடி."

என் அக்கா பொன்ராணியின் சிக்கனத்துக்கு உலக வங்கியே ஆள் அனுப்பிப் பாடம் கேட்கலாம்.

ஜூலை 3

போர் மூண்டது.

"மாப்ள, இங்க வாங்க. இந்த மவுஸ் என்ன பண்ணுதுன்னு பாருங்க."

பார்த்தேன். தாரணி தன் முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்த மவுஸ், வயர் இல்லாதது. திரையில் அம்புக்குறி வெல்லத்தைக் கண்ட கட்டெறும்புபோல இங்கும் அங்கும் ஓடியது. மச்சான் ஒரு பூவின்மேல் போய் நிற்கப் பார்க்கிறார். அது தாண்டி ஓடுகிறது. மறுபடி பிடிக்கிறார், மறுபடி ஓடுகிறது. ஒரு கட்டத்தில் 'தாய்மாமன் ரத்தினவேல்' என்ற என் திருநாமம் இழுபட்டுப் போய்ப் பிள்ளையாரின் தும்பிக்கையில் தொங்கியது. ஒருவகையில் பொருத்தமான இடம்தான். ஆனாலும் தவறு.

எழுத்தையெல்லாம் விசைப்பலகை அம்புகளால் நகர்த்திவிடுகிறார். கொடி வரையத்தான் மவுஸ் வேண்டும். பத்திரிகையின் அடிப்பக்க மூலையில் தொடங்கிய கொடி ஒரு சாண்கூட ஏறவில்லை.

அச்சக முதலாளி பெரியகருப்பன் போன் செய்தார். மச்சான் ஒலிபெருக்கியில் போட்டார்.

"அண்ணாச்சி, ஆடி பொறக்கறதுக்கு முந்தி ஃபைல் குடுத்துருங்க. பதினெட்டாம் பெருக்குக்குக் காலண்டர் சாம்பிள் ஆல்பம் வெளியாகணும். அப்புறம் மெஷின்ல நுழையவே முடியாது. ஆகலைன்னா சொல்லுங்க, நம்மகிட்ட இருக்குற மயில் டிசைன்ல ஒண்ணைப் போட்டு அடிச்சுருவோம்."

"மயிலெல்லாம் வேண்டாம். குடுத்துருவேன்," என்றார் மச்சான். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புதுப் பழக்கம்.

பதினாறாம் தேதியோடு ஆனி முடிகிறது. இந்த மவுசை நான் அடக்குகிறேன். இது சபதம். மீசை இருந்தால் முறுக்கியிருப்பேன்.

ஜூலை 4

முதல் வெற்றி.

எதிரியின் பலவீனத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். மேசைமேல் கண்ணாடி. அதன் அடியில் தாரணியின் பள்ளிக்கூடப் போட்டோக்கள். மவுசின் வயிற்றில் ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறது. அது தரையைப் பார்த்துப் பார்த்துத்தான் நடக்குமாம். கண்ணாடிமேல் வைத்தால் தரை எங்கே என்று தெரியாமல் தடுமாறுகிறது. சென்னையிலிருந்து தாரணி போனில் சொன்னதும் நான் முன்பே கண்டுபிடித்திருந்ததாக அறிவித்தேன்.

போன வருடத்துக் காலண்டர் அட்டையைக் கவிழ்த்துப் போட்டோம். பேட்டரியையும் மாற்றினேன். ஓட்டம் பாதியாகக் குறைந்தது.

"பாத்தீங்களா மச்சான்!"

"பரவால்ல மாப்ள. கொஞ்சம் நின்னு கேக்குது."

கொஞ்சம்தான்.

ஜூலை 5

இரண்டாம் வெற்றி. மவுசுக்கு நகத்தளவு ரிசீவர் ஒன்று உண்டு. அது கணினிப் பெட்டியின் முதுகில், பீரோவுக்கும் சுவருக்கும் இடையிலான இருட்டுப் பொந்தில், ஒரு ஹார்ட் டிஸ்க்கோடு தோள் உரசிக்கொண்டு செருகியிருந்தது. ஹார்ட் டிஸ்க் போடும் இரைச்சலில் மவுஸ் சொல்வது ரிசீவரின் காதில் விழாதாம். இது எனக்கு உடனே புரிந்தது. தீபாவளிக் கூட்டத்தில் நான் ஊதிய விசில் எந்த டிரைவர் காதில் விழுந்தது?

பீரோவைத் தனி ஒருவனாக நகர்த்தினேன். (அக்கா ஒரு பக்கம் பிடித்தாள், சரி, இரண்டு பக்கமும்.) ரிசீவரைப் பிடுங்கி முன்பக்கத்தில் செருகினேன். அம்புக்குறி பளிச்சென்று, சொன்ன இடத்துக்குப் போய், சொன்ன இடத்தில் நின்றது. நான் பிடித்தபோது.

மத்தியானம் மச்சான் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார்.

"மறுபடி ஆரம்பிச்சுருச்சு மாப்ள."

ஜூலை 6 (கறுப்பு ஞாயிறு)

மச்சான் ஒரு வாரத் தாடியோடு இருந்தார். "சம்பந்தி வீட்டார் பார்த்தால் பெண்ணுக்கு அப்பா சாமியாராகிவிட்டார் என்று நினைப்பார்கள்" என்று சொல்லி நானே சவரம் செய்துவிட்டேன். ரேசர் சரியில்லையாம்.

ரேசர் நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 7

இன்று டிரைவர் படலம். மவுசை ஓட்டும் மென்பொருளுக்கும் டிரைவர் என்றுதான் பெயராம்.

வீடியோ அழைப்பில் தாரணி. அலுவலகக் கேன்டீனில் உட்கார்ந்துகொண்டு இங்கே படை நடத்தினாள்.

"மாமா, மொதல்ல பழைய டிரைவரை எடுத்துருங்க. கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. புதுசா இறக்கிப் போடுங்க."

"அடிப்பாவி, பத்து டிரைவரை ஒரே நாள்ல மாத்தினவன்டி உன் மாமன். ஒருத்தன் சாப்பிடப் போறான், ஒருத்தன் மச்சினன் கல்யாணங்கிறான்..."

"இது சாப்பிடாது மாமா. இன்ஸ்டால் பண்ற வேலை முடிஞ்சதும் 'ஃபினிஷ்'னு ஒண்ணு வரும், அதை அமுத்துங்க."

வந்தது. அமுத்தினேன். திரையின் வலது மூலையில் குட்டியாக ஒரு மவுஸ் படம் முளைத்தது. அதன் பக்கத்தில் பச்சைக் கோடு ஒன்று. பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று காட்டுமாம். அம்புக்குறி எவ்வளவு வேகமாக ஓடவேண்டும் என்று கூட்டிக் குறைக்கவும் ஓர் இடம் இருக்கிறது.

சோதனை ஓட்டம். நான் பிடித்தால் மவுஸ் பரம சாது. அக்கா பிடித்தாலும் சாது. மச்சான் பிடித்தால் பேய் ஏறிவிடுகிறது. இதிலிருந்து நான் வந்தடைந்த முடிவு: இந்த மவுசுக்கு மச்சான்மேல் ஏதோ பூர்வஜென்மப் பகை. தாரணியிடம் அப்படியே அறிவித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. போனில் அவளுக்குத் தெரிந்தது மேசையும் மச்சானின் கையும் மட்டும்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மாமா... அந்த வேகத்தை இன்னும் நல்லாக் கொறைச்சு வைங்க. டபுள் கிளிக் நேரத்தையும் நீட்டி வைங்க."

"மவுஸ்தானேம்மா கோளாறு?" என்று மச்சான் கேட்டார்.

"மவுஸ்தான்ப்பா. அந்த மாடலே அப்படித்தான். நான்தான் பாத்து வாங்கலை," என்றாள். அவளுக்கு இடைவேளை முடிந்துவிட்டதாம். கேன்டீனில் அவளுக்குப் பின்னால் எல்லாரும் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்துகொண்டிருந்தார்கள்.

ஜூலை 8

மாடியில் துணி காயப்போட்டோம். அக்கா ஒரு விஷயம் சொன்னாள். கிளிப் மாட்டிக்கொண்டே சொன்னாள், என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை. உதறிய வேட்டியையே திரும்பத் திரும்ப உதறிக்கொண்டிருந்தேன்.

மவுஸ் சரியில்லை.

ஜூலை 9

டைரி என்பது யார் கையிலும் சிக்கக்கூடிய வஸ்து. ஆகவே நேற்று அக்கா சொன்னதில் எதையும் இங்கே எழுதப்போவதில்லை. மதுரை நரம்பு டாக்டர், காலையும் ராத்திரியும் போடும் மாத்திரை, கல்யாணம் முடியும்வரை தாரணிக்கும் சம்பந்தி வீட்டுக்கும் தெரியக்கூடாது என்று மச்சான் வாங்கிய சத்தியம் ஆகிய விவரங்கள் இந்த டைரியில் இடம்பெறா.

"இந்தப் பத்திரிகையை மட்டும் அவரே முடிச்சுரணும்னு இருக்காருடா வேலு. ஊரு புள்ளைகளுக்கெல்லாம் வரைஞ்சு குடுத்த கைன்னு சொல்லிச் சொல்லி..." என்று அக்கா சொன்னதும் இடம்பெறாது.

எழுதக்கூடியது இது: புது மவுஸ் வாங்கக் கிளம்பினேன். கடையில் ஒரு பெண் இருந்தாள்.

"இந்த மவுஸ் குணம் எப்படிம்மா? பொறுமைசாலியா? யாரு பிடிச்சாலும் ஒரே மாதிரி நடந்துக்குமா?"

"சார், மவுசுதான சார் வாங்குறீங்க? ஜாதகம் வேணுமா?"

தாரணி கொடுத்ததைப்போலவே அச்சு அசலாக ஒன்று எடுத்தேன். இரட்டைப் பிறவி. அவளே பேட்டரியும் சும்மா போட்டுக் கொடுத்தாள். கொடைவள்ளல் என்று நினைத்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து நீட்டினேன். மச்சான் அதைத் தொடக்கூட இல்லை.

"அது இருக்கட்டும் மாப்ள. இது புள்ளை மொதச் சம்பளத்துல வாங்குனது. இதுலதான் பண்ணுவேன்."

பழைய மவுசின் முதுகைத் துண்டால் துடைத்தார். அழுத்தினால் அதற்கு வலித்துவிடுமோ என்பதுபோலத் துடைத்தார்.

ஜூலை 10

ஆஹா! இந்தத் தேதியைச் சிவப்பில் அச்சடிக்க வேண்டும்!

மச்சான் மேசையில் உட்கார்ந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாத என் கை எங்கே போகும் என்று எனக்கே தெரியாது. புது மவுசின் ரிசீவரைக் கணினியின் முதுகில், ஹார்ட் டிஸ்கிலிருந்து தள்ளி, செருகிப் பார்த்தேன். அப்புறம் சோபாவில் சாய்ந்து, மடியில் டைரியை வைத்து, அதன் அட்டைமேல் மவுசை உருட்டினேன்.

திரையில் அம்புக்குறி நகர்ந்தது!

ஒரே கணினி. இரண்டு மவுஸ். இரண்டு பேர் சொல்வதையும் கேட்கிறது. ஒரு வண்டிக்கு இரண்டு ஸ்டீயரிங் என்றால் நம் போக்குவரத்துக் கழகம் ஒப்புக்கொள்ளுமா? இது ஒப்புக்கொள்கிறது.

மச்சான் பூவின் காம்புக்குப் பக்கத்தில் வந்து, தாண்டிப் போய், அலுத்துப்போய் மவுசை விட்டுக் கையை எடுத்தார். நான் என்ன செய்கிறேன் என்று யோசிப்பதற்குள் என் கை ஓர் அரைக்கடுகு தூரம் நகர்ந்தது. அம்புக்குறி காம்பின் நுனியில் போய் நின்றது. மச்சான் அதைப் பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். மெதுவாகப் பொத்தானை அமுத்தினார். இதழ் விழுந்தது.

"மாப்ள! சரியாயிருச்சு!"

அந்த முகம்! சோபாவிலிருந்து எழுந்து உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தவன் அப்படியே மூடிக்கொண்டேன். நான் வாயை மூடியது சரித்திரத்தில் இதுவே முதல் தடவை என்று அக்கா சாட்சி சொல்வாள்.

"வேகத்தைக் கொறைச்சு வச்சோம்ல மச்சான். இப்பத்தான் புரிஞ்சுருக்கு அதுக்கு," என்றேன்.

ஜூலை 11

எழுத நேரமில்லை. டைரிக்கு வேறு உத்தியோகம் கிடைத்துவிட்டது. நாளெல்லாம் என் மடியில் மவுசுக்கு மைதானமாகக் கிடக்கிறது. மேலே செய்தித்தாளை விரித்து மறைத்துக்கொள்கிறேன். ஒரே பக்கத்தைக் காலையிலிருந்து படிக்கிறேன். அக்கா கேட்டாள், "அப்படி என்னடா போட்டுருக்கு அதுல?"

"உலகச் செய்தி அக்கா. ஆழமா படிக்கணும்."

ஜூலை 12

எங்கள் தொழில் முறை: மச்சான் அம்புக்குறியைப் பூவின் அருகே கொண்டுவருவார். மவுசை விட்டுக் கையை எடுத்து ஒரு மூச்சு விடுவார். அந்த மூச்சுக்குள் நான் மீதித் தூரத்தை நகர்த்திவிடுவேன். அவர் கையை வைத்து அமுத்துவார். பூ.

ஒவ்வொரு தடவையும் ஏன் கையை எடுக்கிறார் என்று தெரியவில்லை. களைப்பாக இருக்கலாம். எனக்கு வசதிதான். நான் விசில் ஊதும்வரை பொறுமையாக நிற்கும் வண்டியை என் பணிக்காலத்தில் ஒருநாளும் கண்டதில்லை.

கொடி இடது பக்கம் முழுதும் ஏறிவிட்டது. நடுநடுவே பேச்சும் உண்டு.

"இந்த எலையைப் பாருங்க மாப்ள. கேட்டுல இருக்குற எலை மாதிரியே வந்துருக்கு."

"அதைவிட நல்லா இருக்கு மச்சான். அதுல ஆடு கடிச்ச எடம் இருக்கு."

"அப்ப இதுலயும் ஒரு எலையில கடிச்ச மாதிரி வச்சுருவோமா?"

வைத்தோம். இடது பக்கம், மேலிருந்து மூன்றாவது இலை. சம்பந்தி கண்டுபிடித்தால் ஆட்டைக் காட்டிக்கொடுப்பதாகத் தீர்மானித்திருக்கிறோம்.

ஜூலை 13 (கறுப்பு ஞாயிறு)

மேல் பக்கம் முடிந்தது. என் தோள் கழன்றுவிட்டது. ஓவியக்கலைக்காக ஒரு மனிதன் இவ்வளவு துன்பப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஜூலை 14

என் திறமை வேறொரு தளத்துக்குப் போய்விட்டது. இன்று காலையிலிருந்து நான் நகர்த்த நினைத்தாலே போதும், அம்புக்குறி கிளம்பிவிடுகிறது. சில சமயம் நான் நினைப்பதற்கு முன்பே போகிறது. மவுசும் மனமும் ஒன்றாகிவிட்டன. யோகிகள் காட்டில் போய்த் தேடியது எனக்குச் சோபாவில் கிடைத்தது.

ஒரே குறை, வலது பக்கத்துப் பூக்கள் கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து விழுகின்றன. தண்டும் நேராக இல்லாமல் நெளிகிறது. என் கை களைத்துவிட்டது போலும். மச்சானிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அவர் திருத்தவில்லை. இன்று கையை எடுக்காமலே வேலை செய்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு, திரைக்கு ரொம்பப் பக்கத்தில் போய், ஒரு பூவுக்கு அரை மணி நேரம். நெற்றியெல்லாம் வேர்வை. நான் மின்விசிறியைக் கூட்டினேன். பெரியகருப்பன் இரண்டு தடவை போன் செய்தார். எடுக்கவில்லை.

ஜூலை 15

வலது பக்கம் இறங்கிவந்த கொடியின் நுனி உள்பக்கமாக வளைந்து, 'திருவளர்ச்செல்வி த. ஜெயதாரணி' என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பூவோடு முடிய வேண்டும். அதுதான் கடைசி. காலையில் தொடங்கினோம். செய்தித்தாளுக்கு அடியில் நான் என் உயிரையெல்லாம் திரட்டி மவுசைப் பிடித்திருந்தேன். அம்புக்குறி போனது, நடுங்கியது, திரும்பியது, மறுபடி போனது. நான் வலதில் இழுத்தால் அது இடதில் போகிறது. என்ன ஆயிற்று என் யோகத்துக்கு என்று எனக்கே சந்தேகம்.

அக்கா சமையலை முடித்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள். கடைசி இதழ் விழுந்தது. பூ ஒரு பக்கமாகச் சாய்ந்து, தாரணியின் பெயரை எட்டிப் பார்ப்பதுபோல நின்றது.

மச்சான் ஃபைலைச் சேமித்தார். நாற்காலியைத் திருப்பினார். மேசை இழுப்பறையிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு எழுந்து வந்து, என் செய்தித்தாளை விலக்கிவிட்டு, டைரிமேல் வைத்தார். ஒரு பேட்டரி. அவர் கை நடுங்கியதில் அது உருண்டது. நான் பிடித்துக்கொண்டேன்.

"ஒங்க வண்டி நேத்துக் காலையிலயே நின்னுபோச்சு மாப்ள."

"எந்த வண்டி மச்சான்?"

"மடியில வச்சு ஓட்டுறீங்கள்ல, அது."

திரையின் மூலையைக் காட்டினார். அங்கே குட்டியாக இரண்டு மவுஸ் படங்கள். ஒன்றின் பக்கத்தில் பச்சைக் கோடு. இன்னொன்று காலி. சும்மா போட்டுக் கொடுத்த பேட்டரி அதன் தர்மப்படி நடந்துகொண்டுவிட்டது.

"எப்பருந்து தெரியும்?"

"நீங்க ரிசீவரை மாட்டுன அன்னைக்கே ரெண்டாவது படம் வந்துருச்சே. நீங்கதான டிரைவர் போட்டு விட்டீங்க? அதுதான் எல்லாத்தையும் காட்டிக் குடுக்குதே."

"அப்புறம் ஏன் மச்சான் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

ஒவ்வொரு பூவுக்கும் அவர் கையை எடுத்து மூச்சு விட்டது நினைவுக்கு வந்தது. வண்டியை நிறுத்திவிட்டு என் விசிலுக்குக் காத்திருந்திருக்கிறார் மனிதர்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

"அப்ப நேத்துலருந்து வரைஞ்சது...? அந்த வலது பக்கம்...? இந்தக் கடைசிப் பூவு...?"

"நான்தான்," என்றார் மச்சான். வலது கையை மறைக்காமல் முன்னால் நீட்டி, ஏதோ புதிதாக வாங்கிய பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"தனியா வருதான்னு பாக்கணும்னு இருந்துச்சு மாப்ள. ஒங்க பேட்டரி போனது நல்லதாப் போச்சு. கோணலாத்தான் வந்துருக்கு. இருக்கட்டும். அது என் கைதான."

அக்கா உள்ளே போய்க் காபி கொண்டுவந்தாள். இரண்டு டம்ளர். எனக்கும் பாதிதான் ஊற்றியிருந்தாள். இன்று முழு டம்ளர் கொடுத்திருந்தால் நானும் சிந்தியிருப்பேன். அவளுக்கு எப்படித் தெரிந்தது?

ஜூலை 16

ஃபைல் போய்ச் சேர்ந்தது. பெரியகருப்பன் உடனே கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, வலது பக்கத்துக் கொடி மட்டும் காத்துல ஆடுற மாதிரி இருக்கே! அதை எப்படிக் கொண்டுவந்தீங்க?"

"மவுஸ் சரியில்லைய்யா," என்றார் மச்சான். போனை வைத்துவிட்டு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தெருவில் போன ஷேர் ஆட்டோ நின்றுவிட்டது. ஆட்டோவில் இருந்தவர்கள் இறங்கி வந்து விசாரித்தார்கள் என்று எழுத ஆசைதான். இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

ஜூலை 20 (கறுப்பு ஞாயிறு)

முதல் பிரதி வந்தது. பத்திரிகையைப் பார்க்கத் தாரணியும் சென்னையிலிருந்து வந்தாள். அக்கா நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமி படத்தின்முன் வைத்து எடுத்துக் கொடுத்தாள். தாரணி மூலையில் தொடங்கி விரலால் கொடியைப் பிடித்துக்கொண்டே போனாள். ஆடு கடித்த இலையில் நின்று என்னைப் பார்த்தாள். நான் விட்டத்தைப் பார்த்தேன். மேல் பக்கம் தாண்டி வலது பக்கம் திரும்பியதும் விரல் மெதுவானது. சாய்ந்த ஒவ்வொரு பூவிலும் நின்றாள். தன் பெயருக்குப் பக்கத்திலிருந்த கடைசிப் பூவில் ரொம்ப நேரம் நின்றாள்.

"இந்தப் பக்கந்தான்ப்பா அழகு."

மச்சான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

அப்புறம் என்னைத் தனியாகச் சமையலறைப் பக்கம் கூட்டிப்போனாள்.

"மாமா, மவுஸ் எப்படி இருக்கு?"

மச்சான் அக்காவிடம் வாங்கிய சத்தியம் என்னையும் கட்டியது.

"அதுக்கென்ன. கொஞ்சம் மக்கர் பண்ணும். பழகிட்டோம்."

"இன்னும் ஜாஸ்தியாகுமாமே மாமா. நான் படிச்சுப் பாத்தேன்."

"மவுசைப் பத்தியா?"

"மவுசைப் பத்தித்தான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பாகிட்ட நான் கேட்டேன்னு சொல்லாதீங்க. கல்யாணம் முடியட்டும்னு இருக்காரு. முடியட்டும்."

ஆக, இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது எல்லாருக்கும் தெரியும் என்பது மட்டும்தான். எனக்கு அதுவும் தெரியும் என்பதால் இப்போது இந்த வீட்டிலேயே பெரிய ஞானி நான். அந்தப் பெருமையைத்தான் வெளியே சொல்ல முடியவில்லை.

சாயங்காலம் மச்சான் மறுபடி கணினிமுன் உட்கார்ந்தார். கல்யாணத் தாம்பூலப் பையிலும் அதே கொடி வேண்டுமாம். தாரணி அவருக்கு வலப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். நான் சோபாவிலிருந்து எழுந்து இடப் பக்கத்தில் நாற்காலி போட்டேன். செய்தித்தாள் இல்லை. டைரியை மேசைமேலேயே வைத்து, புதுப் பேட்டரி போட்ட மவுசை அதன்மேல் வைத்தேன்.

"ரெண்டு மவுஸ் எதுக்குப்பா?" என்று தாரணி கேட்டாள்.

"ஒண்ணு போறதுக்கு. ஒண்ணு சேர்றதுக்கு," என்றார் மச்சான்.

அம்புக்குறியைப் பூவின் அருகே கொண்டுவந்தார். மவுசை விட்டுக் கையை எடுத்தார். தாரணி அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மச்சான் மூச்சு விட்டார்.

என் முறை.